முதல் அடியை வைக்கச் சொன்னவர்

வேதாரண்யத்தை அடுத்த அகஸ்தியன்பள்ளியில் உப்பு சத்தியாகிரக நினைவுத் தூண் இருக்கிறது. ஆண்டுதோறும் ஏப்ரல் 30-ஆம் தேதி அங்கே தியாகிகளின் வாரிசுகளும் கட்சிக்காரர்களும் கூடி உப்பு அள்ளுகிறார்கள். 1930-இல் அந்த யாத்திரையை நடத்திச் சென்ற ராஜாஜியின் பெயர் அன்று பலமுறை ஒலிக்கும். ஆனால், அதே மனிதர் 32 ஆண்டுகளுக்குப் பிறகு, 83 வயதில், அணுகுண்டுச் சோதனைகளை நிறுத்தச் சொல்லி வாஷிங்டனுக்குச் சென்ற இன்னொரு யாத்திரையை நினைவுகூர்வோர் குறைவு. காவிரிப் படுகையில் நடந்ததற்கும் வெள்ளை மாளிகையில் நடந்ததற்கும் இடையே நெருங்கிய தொடர்பு உண்டு. அவை இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் அவருடைய வாழ்க்கையின் ஒரு முக்கிய இழை கண்ணுக்குத் தெரியும்.

சக்கரவர்த்தி ராஜகோபாலாச்சாரி 1878 டிசம்பர் 10-ஆம் தேதி ஓசூர் அருகேயுள்ள தொரப்பள்ளியில் பிறந்தவர். பெங்களூரிலும் சென்னையிலும் படித்து, சேலத்தில் வழக்குரைஞராகப் பெயரும் பொருளும் ஈட்டினார். சேலம் நகராட்சித் தலைவராக இருந்தார். 1919-இல் காந்தியடிகளைச் சந்தித்த பின் தொழிலைத் துறந்தார். 1921-இல் சிறை சென்றார். 1925-இல் திருச்செங்கோடு அருகே புதுப்பாளையத்தில் ஆசிரமம் அமைத்துக் கதர்ப் பணியிலும் மதுவிலக்குப் பணியிலும் ஈடுபட்டார். தஞ்சை மண்ணோடு அவருக்குப் பிறப்பால் உறவு இல்லை. அந்த உறவு கால்நடையாக ஏற்பட்டது.

1930 ஏப்ரல் 13, தமிழ்ப் புத்தாண்டு நாள். திருச்சியில் டாக்டர் தி.சே.செள. ராஜனின் இல்லத்திலிருந்து தேர்ந்தெடுக்கப்பட்ட ஏறத்தாழ நூறு தொண்டர்களோடு ராஜாஜி புறப்பட்டார். கோவிலடி, திருக்காட்டுப்பள்ளி, திருவையாறு, தஞ்சாவூர், கும்பகோணம், திருத்துறைப்பூண்டி என ஏறத்தாழ 150 மைல் வழி. அறுவடை முடிந்த வயல்களுக்கும் கோடையில் வற்றிய ஆற்று மணலுக்கும் நடுவே, நாமக்கல் கவிஞர் இயற்றித் தந்த நடைப்பாட்டைப் பாடியபடி அவர்கள் நடந்தார்கள்.

தஞ்சை மாவட்ட ஆட்சியராக இருந்த தார்ன் திறமையான நிர்வாகி. நடப்பவர்களை அடிப்பதைவிட, அவர்களுக்குச் சோறும் தங்க இடமும் கிடைக்காமல் செய்வதே மேல் என்று அவர் கணக்கிட்டார். தொண்டர்களுக்கு உணவோ இடமோ கொடுப்பவர்களுக்குச் சிறைத் தண்டனை என்று எச்சரிக்கை வெளியானது. மக்கள் அதற்கு வழி கண்டார்கள். சாலையோர மரக்கிளைகளில் சோற்றுப் பொட்டலங்கள் தொங்கின. கொடுத்தவர் யார் என்று எந்தக் காவலராலும் சொல்ல முடியவில்லை. வெளிப்படையாக வரவேற்று உபசரித்துச் சிறை சென்றவர்களும் உண்டு. வேதாரண்யத்தில் சர்தார் வேதரத்தினம் முகாம் அமைத்துக் காத்திருந்தார். தாம் முகம் மழித்துக்கொண்டிருப்பது ஒரு காவலருக்கு என்று தெரிந்ததும், பாதியிலேயே கத்தியைக் கீழே வைத்துவிட்ட வைரப்பனின் கதையை அந்த ஊர் இன்றும் சொல்கிறது.

ஏப்ரல் 28-ஆம் தேதி யாத்திரை வேதாரண்யத்தை அடைந்தது. 30-ஆம் தேதி உப்பு அள்ளிய ராஜாஜி கைது செய்யப்பட்டுச் சிறைக்கு அனுப்பப்பட்டார். ஒரு பிடி உப்பால் சாம்ராஜ்யத்துக்குப் பொருளிழப்பு ஏதுமில்லை. ஆனால், எதிர்த்தரப்பின் சம்மதத்துக்காகக் காத்திராமல், பேரம் பேசாமல், ஒரு தரப்பு தானாகவே ஒரு காரியத்தைச் செய்துவிட்டால் மற்றத் தரப்பு அதற்கு ஏதேனும் பதில் சொல்லியே ஆக வேண்டிய நிலை உருவாகிறது. அதற்கான விலையை முதலில் செய்பவரே கொடுக்கிறார். காந்தியடிகளிடம் ராஜாஜி கற்றது இது. பின்னாளில் அணு ஆயுதம் பற்றி அவர் சொன்னதற்கெல்லாம் அடிப்படையும் இதுவே.

அவர் எல்லாவற்றிலும் காந்தியைப் பின்பற்றியவர் அல்லர். 1942-இல் வெள்ளையனே வெளியேறு இயக்கத்தை ஏற்க மறுத்துக் காங்கிரஸிலிருந்து விலகி நின்றார். பிரிவினை தவிர்க்க முடியாதது என்று மற்றவர்கள் ஒப்புக்கொள்வதற்கு முன்பே சொல்லி வசைக்கு ஆளானார். அரசு நடத்தும்போது காவல் துறையையும் சட்டத்தையும் பயன்படுத்தத் தயங்காதவர். 1948 ஜூன் முதல் 1950 ஜனவரி வரை சுதந்திர இந்தியாவின் கவர்னர் ஜெனரலாக இருந்தார். ஐதராபாத்துக்குள் இந்தியப் படை நுழைந்ததும், 1948 ஆகஸ்டில் ஹோமி பாபாவின் தலைமையில் அணுசக்தி ஆணையம் அமைக்கப்பட்டதும் அந்தக் காலத்தில்தான். ஆகவே, அவரைப் படை வேண்டாம் என்று சொன்ன சாமியார் என்று எண்ணிவிடக் கூடாது. அணுகுண்டை எதிர்த்தவர், அரசு என்றால் என்ன என்பதை உள்ளிருந்து அறிந்தவர்.

1952-இல் சென்னை மாநில முதலமைச்சரானபோது அவரைத் தஞ்சை மீண்டும் எதிர்கொண்டது. நிலச்சுவான்தார்களுக்கும் குத்தகைதாரர்களுக்கும் பண்ணையாட்களுக்கும் இடையே கொந்தளிப்பு நிலவிய காலம் அது. கீழத் தஞ்சையில் கம்யூனிஸ்ட் கட்சியின் விவசாய இயக்கம் வேரூன்றியிருந்தது. கம்யூனிஸ்டுகளைத் தம் முதல் எதிரி என்று அறிவித்திருந்த ராஜாஜியே, அந்த ஆண்டு ஆகஸ்டில் தஞ்சை குத்தகைதாரர், பண்ணையாள் பாதுகாப்பு அவசரச் சட்டத்தைக் கொண்டுவந்தார். நிலத்திலிருந்து வெளியேற்றுவதற்குத் தடை, குத்தகைதாரருக்கு விளைச்சலில் ஐந்தில் இரண்டு பங்கு, பண்ணையாளுக்கு வரையறுக்கப்பட்ட கூலி என்பன அதன் சாரம். மிராசுதாரர்கள் கொதித்தார்கள். அது போதாது என்று இடதுசாரிகள் சொன்னார்கள். அந்தச் சட்டத்துக்குப் பின்னே பல ஆண்டுகள் நடந்த உழவர் போராட்டத்தை மறந்துவிட்டு எல்லாப் புகழையும் அவருக்கே தருவது சரியாகாது. ஆயினும், எதிரியின் கோரிக்கையில் நியாயம் இருந்தால் எதிரி இறங்கிவரும் வரை காத்திராமல் அதைச் செய்துவிடலாம் என்ற மனப்பாங்கு அதில் தெரிகிறது.

அரிசிப் பங்கீட்டை அந்த ஆண்டு அவர் நீக்கியதும் இதே வகைதான். கட்டுப்பாட்டை எடுத்தால் பஞ்சம் வரும் என்று பலர் அஞ்சினார்கள். அவர் துணிந்தார், பதுங்கியிருந்த நெல் சந்தைக்கு வந்தது. அதே துணிவு அவரைத் தவறான இடத்துக்கும் இட்டுச் சென்றது. பள்ளி நேரத்தைப் பாதியாக்கிய 1953-ஆம் ஆண்டுக் கல்வித் திட்டம் குலக்கல்வி என்று எதிர்க்கப்பட்டது. 1954 ஏப்ரலில் அவர் பதவி விலக நேர்ந்தது. பிறர் சொல்லைக் கேளாமல் முதல் அடி வைப்பவரின் குணமும் குறையும் ஒரே இடத்திலிருந்துதான் வருகின்றன.

அவர் பதவி விலகுவதற்கு ஆறு வாரங்களுக்கு முன், 1954 மார்ச் 1-ஆம் தேதி, பசிபிக் பெருங்கடலில் பிகினி தீவில் அமெரிக்கா ஒரு ஹைட்ரஜன் குண்டை வெடித்தது. கணக்கிட்டதைவிட இரண்டரை மடங்கு வலிமையோடு அது வெடித்தது. வெகு தொலைவில் மீன் பிடித்துக்கொண்டிருந்த ஜப்பானியப் படகு ஒன்றின் மீது வெண்சாம்பல் பொழிந்தது. படகில் இருந்த 23 பேரும் கதிர்வீச்சால் நோயுற்றார்கள். ஒருவர் சில மாதங்களில் இறந்தார். ஏப்ரல் 2-ஆம் தேதி பிரதமர் நேரு மக்களவையில், முழு ஒப்பந்தம் வரும் வரை சோதனைகளையாவது நிறுத்திவைக்க வேண்டும் என்று கோரினார். சோதனைத் தடையை ஓர் அரசு உலகின் முன் வைத்த முதல் முயற்சிகளுள் அது ஒன்று.

பதவியிலிருந்து இறங்கிய ராஜாஜி, தம் 75-ஆம் வயதில் இந்த ஒரு பொருளைக் கையில் எடுத்துக்கொண்டார். அதற்கு முன்பே, 1953-இன் இறுதியில் சென்னை வந்த அமெரிக்கத் துணை அதிபர் நிக்ஸனிடம் அணு ஆயுதம் பற்றிப் பேசியிருந்தார். பல ஆண்டுகளுக்குப் பின் தாம் எழுதிய நூலில் நிக்ஸன் அந்தச் சந்திப்பை நினைவுகூர்ந்தார். 1954-க்குப் பிறகு ராஜாஜி சுயராஜ்யா, கல்கி போன்ற இதழ்களில் தொடர்ந்து எழுதினார். நியூயார்க் டைம்ஸ் உள்ளிட்ட அயல்நாட்டு ஏடுகளுக்கும் கடிதங்கள் அனுப்பினார்.

அவருடைய வாதம் எளியது. வல்லரசுகள் ஒருவரையொருவர் நம்பாமல், நீ முதலில் விடு என்று சொல்லிக்கொண்டே குண்டுகளைப் பெருக்குகின்றன. ஒப்பந்தம் வேண்டுமானால் நம்பிக்கை வேண்டும். நம்பிக்கை வேண்டுமானால் ஒப்பந்தம் வேண்டும். இந்தச் சுழலிலிருந்து வெளியே வர ஒருவர் முதலில் கைவிட வேண்டும். அதற்கு வலிமை மிக்கவரே பொருத்தமானவர். ஆகவே அமெரிக்கா தானாகவே முன்வர வேண்டும் என்றார் அவர்.

சோதனைகளைப் பற்றி அவருக்கு இன்னொரு குறையும் இருந்தது. போரில் சேராத நாடுகளின் காற்றிலும் மழையிலும் நஞ்சைக் கலக்க எந்த அரசுக்கும் உரிமை இல்லை என்பது அது. வானில் வெடித்த குண்டின் துகள்கள் உயரே சென்று, உலகைச் சுற்றி, மழையோடு இறங்குகின்றன. அவற்றுள் ஸ்ட்ரான்ஷியம்-90 சுண்ணாம்புச் சத்தைப் போல் நடந்துகொண்டு, தானியத்திலும் பாலிலும் ஏறி, குழந்தைகளின் எலும்பில் தங்குகிறது. அதன் வீரியம் பாதியாகக் குறைவதற்கே ஏறத்தாழ 29 ஆண்டுகள் ஆகும். பருவமழையை நம்பி வாழும் ஒரு தஞ்சை உழவர் நெவாடாவையோ நோவயா செம்லியாவையோ கேள்விப்பட்டிருக்க மாட்டார். ஆனால், அங்கே வெடித்ததில் ஒரு துளி அவர் வயலிலும் விழத்தான் செய்தது.

1958-இல் சோவியத் ஒன்றியம் தானாகச் சோதனைகளை நிறுத்துவதாக அறிவித்தது; அந்த ஆண்டின் இறுதியில் அமெரிக்காவும் பிரிட்டனும் நிறுத்தின. எழுதப்பட்ட ஒப்பந்தம் ஏதுமின்றி ஏறத்தாழ மூன்று ஆண்டுகள் அந்த மூன்று நாடுகளின் குண்டுகள் அமைதியாக இருந்தன. புதிதாகக் குழுவில் சேர்ந்த பிரான்ஸ் மட்டும் 1960-இல் சகாராவில் வெடித்தது. 1961 செப்டம்பரில் சோவியத் ஒன்றியம் அந்த அமைதியைக் குலைத்தது. அக்டோபர் 30-ஆம் தேதி ஏறத்தாழ ஐம்பது மெகா டன் வலிமையுள்ள, இதுவரை உலகம் கண்டவற்றுள் மிகப் பெரிய குண்டை வெடித்தது. 1962 ஏப்ரலில் அமெரிக்கா பசிபிக் வானில் மீண்டும் தொடங்கியது.

இந்தச் சூழலில், 1962 ஜூனில் காந்தி அமைதி நிறுவனம் தில்லியில் அணு ஆயுத எதிர்ப்பு மாநாட்டைக் கூட்டியது. குடியரசுத் தலைவர் பதவியிலிருந்து அப்போதுதான் ஓய்வு பெற்றிருந்த ராஜேந்திர பிரசாத் அதில் பங்கேற்றார், ராஜாஜியும் பங்கேற்றார். அதன் தொடர்ச்சியாக அமெரிக்காவுக்கு ஒரு தூதுக்குழு சென்றது. ராஜாஜி, ஆர்.ஆர். திவாகர், பத்திரிகையாளர் பி. சிவராவ் ஆகியோர் அதில் இருந்தனர். ராஜாஜி அப்போது சுதந்திரக் கட்சியின் தலைவர். நேருவின் பொருளாதாரக் கொள்கையை அன்றாடம் சாடிக்கொண்டிருந்தவர். ஆனால், சோதனை நிறுத்தம் என்ற ஒன்றில் இருவரும் ஒரே கரையில் நின்றார்கள். மேலை நாட்டு மண்ணில் ராஜாஜி கால் வைத்தது அதுவே முதல் முறை.

1962 செப்டம்பர் இறுதியில் அவர்கள் கென்னடியைச் சந்தித்தார்கள். ஒருவருக்கு வயது 83, மற்றவருக்கு 45. ஒதுக்கப்பட்டிருந்த நேரத்தைத் தாண்டி உரையாடல் நீண்டது. அந்த முதியவர் வாதத்தை எடுத்துவைத்த தெளிவு தம்மைக் கவர்ந்ததாகக் கென்னடி பிறகு தெரிவித்தார் என்று பதிவாகியுள்ளது. கவர்ந்ததே தவிர, அன்று எதுவும் மாறவில்லை. அடுத்த மாதமே கியூபாவில் சோவியத் ஏவுகணைகள் கண்டுபிடிக்கப்பட்டன. அக்டோபர் 16 முதல் 28 வரை உலகம் அணு ஆயுதப் போரின் விளிம்பில் நின்றது. அந்த நாள்களிலேயே இமயத்தில் சீனப் படை இந்திய எல்லையைத் தாண்டியது.

கியூபா நெருக்கடி இரு தலைவர்களையும் அச்சுறுத்தியிருந்தது. ஆனாலும், நிலத்தடிச் சோதனைகளைக் கண்காணிக்க ஆண்டுக்கு எத்தனை முறை நேரில் ஆய்வு செய்வது என்பதில் பேச்சு முட்டி நின்றது. அமெரிக்கா ஏழு என்றது. சோவியத் ஒன்றியம் மூன்றுக்கு மேல் முடியாது என்றது. 1963 ஜூன் 10-ஆம் தேதி வாஷிங்டனில் ஒரு பல்கலைக்கழக விழாவில் பேசிய கென்னடி, மற்ற நாடுகள் வானில் வெடிக்காத வரை அமெரிக்காவும் வானில் வெடிக்காது என்று அறிவித்தார். அதற்காக எதிர்த்தரப்பின் கையொப்பத்தை அவர் கேட்கவில்லை. எட்டு வாரங்களில், ஆகஸ்ட் 5-ஆம் தேதி, மாஸ்கோவில் பகுதிச் சோதனைத் தடை ஒப்பந்தம் கையெழுத்தானது. வானிலும், நீருக்கடியிலும், விண்வெளியிலும் சோதனை கூடாது. நிலத்தடியில் மட்டும் தடை இல்லை. மூன்றே நாள்களில் இந்தியாவும் கையொப்பமிட்டது.

ராஜாஜியின் பேச்சால்தான் இது நடந்தது என்று சொன்னால் அது வரலாறு ஆகாது. கியூபா தந்த பயம், கதிர்வீச்சைக் கண்டு அமெரிக்கத் தாய்மார்கள் எழுப்பிய குரல், விஞ்ஞானிகளின் எச்சரிக்கை எனக் காரணங்கள் பல. ஆயினும், பூட்டைத் திறந்த சாவி அவர் சொன்னதுதான். ஏழா, மூன்றா என்ற பேரத்தால் நகராதது, ஒருவர் தாமாக வைத்த ஓர் அடியால் நகர்ந்தது. அந்த ஒப்பந்தத்தால் ஆயுதப் போட்டி நிற்கவில்லை. சோதனைகள் பூமிக்கடியில் தொடர்ந்தன. ஆனால், மழையில் கலந்த நஞ்சு ஆண்டுக்கு ஆண்டு குறைந்தது. கண்ணுக்குத் தெரியாத அந்தப் பயனை நம் வயல்களும் பெற்றன.

இங்கே ராஜாஜியின் வாழ்க்கையில் ஒரு கடினமான கேள்வி எழுகிறது. வேதாரண்யத்தில் முதல் அடி வைத்தவரே அதன் துன்பத்தையும் ஏற்றார். வாஷிங்டனிலோ, அடி வைக்கச் சொன்னவர் ஒருவர்; ஆபத்தை ஏற்க வேண்டியவர் வேறொருவர். குண்டு இல்லாத நாட்டின் குடிமகன், குண்டு உள்ள நாட்டிடம் கைவிடச் சொல்வது எளிது. அந்தச் சோதனை இந்தியாவுக்கே விரைவில் வந்தது. 1964 அக்டோபர் 16-ஆம் தேதி சீனா தன் முதல் அணுகுண்டை வெடித்தது. நாமும் செய்ய வேண்டும் என்ற குரல் நாடாளுமன்றத்தில் ஓங்கியது. ஜனசங்கம் அதை வெளிப்படையாகக் கோரியது. ராஜாஜியின் சுதந்திரக் கட்சி அந்தக் கூட்டத்தில் சேரவில்லை. ஆனால், அது சொன்ன மாற்று, மேற்கு நாடுகளோடு பாதுகாப்பு உறவு என்பது. குண்டை வெறுப்பவர் மற்றொருவரின் குண்டு நிழலில் ஒதுங்கலாமா என்று விமர்சகர்கள் கேட்டதில் நியாயம் உண்டு.

1967 ஜனவரி 1-க்கு முன் வெடித்தவர்கள் மட்டுமே அணு ஆயுத நாடுகள் என்று வகுத்த பரவல் தடை ஒப்பந்தம் 1968-இல் வந்தது. இந்தியா அதில் கையொப்பமிட மறுத்தது. 1972 செப்டம்பரில், பிரதமர் இந்திரா காந்தி அணுகுண்டுச் சாதனம் ஒன்றைச் செய்ய டிராம்பே விஞ்ஞானிகளுக்கு அனுமதி கொடுத்தார். நாடு அதை அறியாது. அந்த ஆண்டு டிசம்பர் 25-ஆம் தேதி, 94-ஆம் வயதில் ராஜாஜி சென்னையில் மறைந்தார். 1974 மே 18-ஆம் தேதி பொக்ரான் பாலைவனம் அதிர்ந்தபோது அவர் இல்லை.

அதன் பிறகான கதையில் தஞ்சைத் தரணிக்கு வேறொரு பங்கு உண்டு. பட்டுக்கோட்டை அருகே ராஜாமடத்தில் பிறந்த ஆர். வெங்கட்ராமன் 1982 முதல் 1984 வரை பாதுகாப்பு அமைச்சராக இருந்தார். அப்போது மீண்டும் ஒரு சோதனைக்கு ஏற்பாடுகள் நடந்ததையும், பன்னாட்டு நெருக்கடியால் அது கைவிடப்பட்டதையும் பின்னாளில் அவரே வெளிப்படுத்தினார். 1998 மே மாதம் இந்தியா வெடித்தது. இரு வாரங்களில் பாகிஸ்தானும் வெடித்தது. இன்று உலகில் ஒன்பது நாடுகளிடம் அணு ஆயுதம் இருக்கிறது.

ராஜாஜி தோற்றுவிட்டார் என்று இதைக் கொண்டு முடிவு செய்யலாம். ஆனால், 1998-க்குப் பிறகு இந்தியா ஒரு வாக்குறுதியை உலகுக்குத் தந்தது. அணு ஆயுதத்தை நாம் முதலில் பயன்படுத்த மாட்டோம் என்பதே அது. 2003-இல் அது கொள்கையாக அறிவிக்கப்பட்டது. பாகிஸ்தான் அப்படி ஒரு வாக்குறுதி தரவில்லை. நாமும் அதற்காகக் காத்திருக்கவில்லை. எவரோடும் செய்துகொண்ட ஒப்பந்தத்தால் வந்ததன்று அது. நாமே நம்மீது விதித்துக்கொண்ட கட்டுப்பாடு. குண்டு செய்துவிட்ட இந்தியாவில் ராஜாஜியின் சிந்தனைக்கு எஞ்சியிருக்கும் ஒரே இடம் அதுதான்.

2019 ஆகஸ்டில் பொக்ரானிலிருந்து பேசிய பாதுகாப்பு அமைச்சர், எதிர்காலத்தில் அந்தக் கொள்கை சூழ்நிலையைப் பொறுத்தது என்று கூறினார். அதன் பிறகு, அதைக் கைவிடலாம் என்று வாதிடுவோர் குரலை உயர்த்தியிருக்கிறார்கள். எதிரி உறுதி தராதபோது நாம் மட்டும் ஏன் கட்டுப்பட வேண்டும் என்பது அவர்களுடைய கேள்வி. கேட்கத் தகுந்த கேள்விதான். ஆனால், இரு தரப்பும் முதலில் அடிக்கத் தயாராக இருந்தால், நெருக்கடி வேளையில் ஒரு தவறான செய்தியே போதும்; யார் முந்துவது என்ற பதற்றம் மற்றதைச் செய்துவிடும். 1962 அக்டோபரில் உலகம் கண்டது அதைத்தான். நம் கட்டுப்பாடு எதிரிக்குச் செய்யும் சலுகை அல்ல. அந்தப் பதற்றத்திலிருந்து நமக்கே கிடைக்கும் பாதுகாப்பு.

சோறு கொடுத்தால் சிறை என்று அறிவித்த அரசு, அந்த அறிவிப்பைத் திரும்பப் பெறட்டும் என்று 1930-இல் தஞ்சை மக்கள் காத்திருக்கவில்லை. அன்றிரவே மரக்கிளையில் பொட்டலத்தைக் கட்டினார்கள். அந்தச் சோற்றை உண்டு நடந்த ஒருவர் 32 ஆண்டுகள் கழித்து உலகின் மிகப் பெரிய வல்லரசிடம் சென்று, நீங்களே தொடங்குங்கள் என்று சொல்லத் துணிந்தார். அவருடைய நாடு, தான் தொடங்கிவிட்ட ஒன்றையாவது கைவிடாமல் இருப்பதே அவருக்குச் செய்யும் மரியாதை.